ஒப்புக்கு ஒரு டெண்டர்

கம்பெனி வேன் வாசலைத் தாண்டி அவிநாசி ரோட்டில் ஏறிவிட்டது, பூபதி இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் சௌந்தரவல்லிக்குப் பக்கத்து இருக்கையில் வந்து பொத்தென்று விழுகிறவன், "அக்கா, இன்னிக்கு லேப்ல என்னாச்சு தெரியுங்களா" என்று ஆரம்பித்தால் ஹோப்ஸ் ஸ்டாப் வருகிறவரை வாயை மூடாதவன், இன்று அவளுக்கு முன்னால் இருக்கிற இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான். பக்கத்தில் இடம் இருந்தும். கைப்பையை வைத்து அவனுக்கென்று இடம் பிடித்துக்கூட வைத்திருந்தாள், பழக்கதோஷம், அவன் அதையும் பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் முன்னால் போனான். இப்போது பிடரி மட்டும் தெரிகிறது. முடிவெட்டி நாளாகிவிட்ட பிடரி, சட்டைக் காலரின் ஓரத்தில் வியர்வைக் கறை. தெரிந்துவிட்டது, வேறென்ன. தெரிந்திருந்தால் இப்படியா சும்மா உட்கார்ந்திருப்பான், கத்தியிருக்க மாட்டானா? கத்துகிற பிள்ளை இல்லையே அவன். அதுதானே பயம். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு டில்லியிலிருந்து மின்னஞ்சல் வந்தது, அவளுக்கும் அவனுக்கும் சேர்த்தே வந்தது. பனிச்சரிவில் புதைந்துபோன ராணுவ வீரனைக் கண்டுபிடிக்கிற கருவிக்கான டெண்டரில் உங்கள் நிறுவனம் தொழில்நுட்பச் சுற்றிலேயே நிராகரிக்கப்படுகிறது. காரணம், இணைத்திருக்கும் குளிர்ச் சோதனைச் சான்று கேட்ட அளவுக்கானது அல்ல. அவ்வளவுதான், ரெண்டே வரி. பூபதி கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த கருவி, அவன் பிள்ளை இப்போது நடக்கிறது, அதற்கு ரெண்டு வரியில் காரியம் முடிந்தது. ஆனால் முடித்தது டில்லி இல்லை. டில்லிக்காரன் தன் முன்னால் வந்த காகிதத்தைப் படித்தான், பாவம் அவனுக்கென்ன தெரியும். முடித்தது சௌந்தரவல்லி. தூக்கக் கலக்கத்திலோ அவசரத்திலோ இல்லை, உட்கார்ந்து யோசித்து, எந்த இடத்தில் ஓட்டை போட்டால் கப்பல் அலுங்காமல் மூழ்கும் என்று பார்த்துப் போட்டாள். இது அவளுக்கும் முதலாளி மாரப்பனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இன்று மத்தியானம்வரை.

வேன் முத்துக்கவுண்டன்புதூரில் யாரையோ இறக்கிவிட நின்றது. டிரைவர் ஆறுச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னங்க மேடம், இன்னிக்கு ஆரையும் காணோமாட்டம் இருக்குது, பேச்சையே காணோம்" என்றான் கண்ணாடி வழியாக. அவள் சிரித்து வைத்தாள். பூபதி சிரிக்கவில்லை, அல்லது சிரித்தானோ, பிடரி சிரிப்பைக் காட்டாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று யாரோ சுகவாசி சொல்லிவைத்திருக்கிறான். இத்தனைக்கும் பொய் அவளுக்குப் புதிதா? அவள் சோறே அதில்தான். டெண்டர் என்றால் என்ன, அவர்கள் நூறு நிபந்தனை போடுவார்கள், இவள் எதிரே ஒரு கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் 'இணங்குகிறோம்' என்று ஆங்கிலத்தில் எழுதுவாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்ததற்குக் கிடைத்த பலன் இந்த ஒரு வார்த்தை. தண்ணீரில் போட்டால் வேலை செய்யுமா, இணங்குகிறோம். ஜீப்பிலிருந்து விழுந்தால் உடையாதா, இணங்குகிறோம். செய்தே பார்த்திராததற்கெல்லாம் இணங்கியிருக்கிறாள். ஆர்டர் வந்தால் லேப் பையன்கள் ராப்பகலாக உட்கார்ந்து செய்துவிடுவார்கள் என்ற தைரியம், செய்தும் விட்டார்கள், ஒன்றிரண்டு தவிர. ஒரே ஒரு கட்டத்தில் இணங்கவில்லை என்று எழுதினால் மொத்தமும் குப்பைக்கூடை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இந்தத் தொழிலில் எல்லாரும் இணங்குவார்கள், யோக்கியன் முதற்கொண்டு. அதெல்லாம் ஜெயிக்கச் சொன்ன பொய். கல்யாணத் தரகர் பெண்ணுக்கு ரெண்டு வயசு குறைத்துச் சொல்வதைப் போல, ஊர் உலகம் ஒப்புக்கொண்ட பொய். உள்ள சரக்கை இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வேலை செய்கிற ஒன்றை வேலை செய்யாது என்று காட்ட இவ்வளவு திறமை வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மாரப்பன் கூப்பிட்டனுப்பியது ஒரு சனிக்கிழமை. ஆபீஸில் பாதிப் பேர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வரச்சொன்னார், பிளாஸ்கிலிருந்து அவரே காபி ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அந்த மனுஷன் யாருக்கும் ஊற்றிக் கொடுத்து அவள் பார்த்ததில்லை. "வல்லிம்மா, ஒண்ணு சொல்றேன், மனசோட இருக்கட்டும். டெண்டர் திறக்கறப்ப மூணு பேராச்சும் இருக்கோணும். இல்லீன்னா போட்டியே இல்லைன்னு சொல்லி மறுக்கா மொதல்ல இருந்து போட்டுருவாங்க. வடக்க அந்தப் பெரிய கம்பெனி இருக்குதில்ல, அவிங்க ஒண்ணு. அவிங்களுக்கு வேண்டப்பட்டவிங்க ஒண்ணு. மூணாவதா நாம நிக்கறோம்." அவள், "நின்னு?" என்றாள். "நின்னு, விழுந்தர்றோம்." சின்ன வயசில் தெருவில் விளையாடும்போது ஆள் குறைந்தால் ஒரு வாண்டைப் பிடித்து நிறுத்துவார்களே, ஒப்புக்குச் சப்பாணி என்று, அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை, அடித்தாலும் ரன் இல்லை. இத்தனை பெரிய தேசம், இத்தனை பெரிய ராணுவம், அங்கேயும் ஒப்புக்குச் சப்பாணி. விலையை ஏற்றிப் போட்டுத் தோற்றுவிடலாமே என்று அவள் கேட்டாள், கேட்டதற்கு இப்போதும் வெட்கப்படுகிறாள், வேண்டாம் என்று சொல்லாமல் எப்படி என்று கேட்டிருக்கிறாள் பார். மாரப்பன் தலையை ஆட்டினார். "அது வரைக்கும் போகப்படாதுங்க. காகிதத்துல தேறிட்டா, விலையைப் பிரிக்கறதுக்கு முந்தி, ரெண்டாவதா சாமானை மலைக்கு எடுத்துட்டுப் போயிச் சோதிப்பாங்க. நம்ம சாமான் மலைக்குப் போச்சுன்னு வைங்க, அங்க அது வேலை செஞ்சுரும். அதானுங்க பிரச்சினை." அவர் சிரிக்காமல்தான் சொன்னார். அந்த வடக்குக் கம்பெனி ஜெயித்தால் அவர்களுடைய கருவிப் பெட்டிகளைப் பாகம் சேர்த்து மாட்டுகிற வேலை மொத்தமும் நமக்கு, கீழே ஷெட்டில் இருக்கிற ஜனங்களுக்கு வருஷக்கணக்கில் வேலை, "நம்மளை நம்பி எத்தனை வூட்ல அடுப்பெரியுது, நீங்களே சொல்லுங்க" என்றார். அதுவும் பொய்யில்லை. அந்த மனுஷன் ஆர்டர் இல்லாத மாசத்திலும் சம்பளத்தை நிறுத்தினதில்லை. "பூபதிக்கு?" என்றாள் அவள். "அவனுக்கு எதுக்குங்க? சின்னப் பையன், மனசு விட்டுருவான். உங்ககிட்டச் சொல்றேன்னா நீங்க நம்ம வூட்டு ஆளுங்காட்டி." நம் வீட்டு ஆள். அந்த வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். பயத்தில் விழுந்தாள் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம், இந்த வயசில் வேறு எங்கே போய் வேலை கேட்பது என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். உள்ளே இருக்கிற அசிங்கம் வேறு. மற்ற மேனேஜர்களுக்கெல்லாம் சொல்லாததைத் தன்னிடம் சொன்னாரே என்று, காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் பூரித்துப்போனாள். வீட்டுக்குப் போய்க்கூட அந்தப் பூரிப்பு இறங்கவில்லை, கணவர் தண்டபாணி "என்ன, பிரமோஷனா?" என்று கேட்டார்.

பிறகு வேலை என்று வந்தால் வேலைதானே. எங்கே விழுவது? ஏதாவது ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லாமல் விட்டால் அலட்சியம் என்று கம்பெனிக்குக் கெட்ட பேர், அடுத்த டெண்டரில் அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். கணக்கு விவரத்தில் பிசகினால் கருப்புப் பட்டியல்வரை போகும். விழுகிறது தெரியாமல் விழ வேண்டும், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அடுத்த முறை வர வேண்டும். அவளுக்கே அந்தச் சவால் பிடித்துப்போனது, வெட்கங்கெட்ட புத்தி. குளிர்ச் சோதனைச் சான்று ரெண்டு இருந்தது. பழைய மாடலுக்கு எடுத்தது மைனஸ் இருபது டிகிரிக்கு. புதிய மாடலுக்கு பெங்களூரில் எடுத்தது மைனஸ் நாற்பதுக்கு. கேட்டிருப்பது நாற்பது. ரெண்டும் ஒரே சோதனைக்கூடம், ஒரே முத்திரை, ஒரே நீல அட்டை. பழையதை இணைத்து, எதிரே வழக்கம்போல இணங்குகிறோம் என்று எழுதிவிட்டால் எந்த ஆபீஸிலும் நடக்கிற தவறு, மாரியாத்தாளே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அப்படித்தான் செய்தாள். செய்துவிட்டு மாரப்பனிடம் காட்டியபோது, "உங்க மூளையே மூளைங்க" என்றார். இணைத்த பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை என்பது இப்போது சின்னியம்பாளையத்து நெரிசலில் வேன் நிற்கையில் யோசிக்கும்போதுதான் கிலியாக இருக்கிறது. முன்னால் ஒரு சரக்கு லாரி, மேம்பால வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்துவைத்திருக்கிறார்கள், இவர்கள் ஹோப்ஸ் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும். ஹோப்ஸில் அவன் இறங்கிவிடுவான். இறங்கிவிட்டால் இன்றைக்குத் தப்பித்தாள். நாளைக்கு?

மைனஸ் நாற்பது. கோயமுத்தூரில் மார்கழியில் ஸ்வெட்டர் போட்டால் ஊரே பார்த்துச் சிரிக்கும், இங்கே உட்கார்ந்துகொண்டு அந்தக் குளிருக்கு ஒருத்தன் கருவி செய்தான். பனியில் போய்ச் சோதிக்க வழியில்லை என்று, மூடிக்கிடந்த ஒரு மில்லின் கோடவுனில் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே அந்தச் சின்னப் பெட்டியை ஒளித்துவைத்துவிட்டு, "அக்கா, நீங்க தேடுங்க, எங்களுக்கெல்லாம் எங்கிருக்குதுன்னு தெரியும், தெரியாதவங்க தேடோணும்" என்று தேடுகிற கருவியை அவள் கையில் கொடுத்தான். வீரன் மார்போடு கட்டிக்கொள்கிற பெட்டி ஒன்று, தேடுகிறவன் கையில் ஒன்று. நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பஞ்சுத் தூசியில் தும்மித் தும்மி அவள் பொதிமேல் பொதியாக ஏறினாள், இந்தப் பக்கம் குறைகிறது, அந்தப் பக்கம் கூடுகிறது, சத்தம் விடாமல் கூவுகிற இடத்தில் ரெண்டு பையன்களை விட்டுப் பொதியைப் புரட்டச் சொன்னால், கீழே இருந்தது. அவள் கத்தியே விட்டாள். யாரோ உயிரோடு இருக்கிறார்கள், தான் எடுத்துவிட்டோம் என்கிறமாதிரி ஒரு சந்தோஷம், வெறும் பஞ்சுதான், வெறும் பெட்டிதான், ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தீங்களா, நானே கண்டுபுடிச்சா யாரும் நம்ப மாட்டாங்க, டெண்டர் எழுதறவங்களே கண்டுபுடிச்சிட்டாங்க" என்று பூபதி குதித்தான். அப்புறம் குளிருக்கு என்ன செய்வது என்று கொச்சிக்குப் போனான். ஏற்றுமதிக்கு இறால் உறைய வைக்கிற அறை மைனஸ் நாற்பதில் இருக்கும் என்று யாரோ சொல்ல, வாட்ச்மேனிலிருந்து மேனேஜர்வரை கெஞ்சி உள்ளே போய், கடன் வாங்கின கோட்டைப் போட்டுக்கொண்டு இறால் பெட்டிகளுக்கு நடுவே நின்றான். பேட்டரி செத்துச் செத்துப்போனது. உடம்புச் சூட்டிலேயே பேட்டரி பிழைத்துக்கொள்கிறமாதிரி மாற்றிச் செய்துகொண்டு மறுபடி போனான். மாசக்கணக்கில் அந்தப் பெட்டியில் இறால் நாற்றம், லேபில் பூனை வந்து சுற்றுகிறது என்று எல்லாரும் கேலி செய்தார்கள். அந்தப் பெட்டியைத்தான். வடக்கத்திக்காரர்களின் பெட்டியும் வேலை செய்யுமாயிருக்கும். ஏன் செய்யாது, பெரிய கம்பெனி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மேலே பேரை மாற்றி ஒட்டுகிறார்கள் என்று ஒரு பேச்சு, அது வெறும் பேச்சாகவும் இருக்கலாம். செய்யுமாயிருக்கும். இந்த 'செய்யுமாயிருக்கும்' ரெண்டு மாசமாக அவளை விடவில்லை. குழம்பு தாளிக்கும்போது வருகிறது, தலை துவட்டும்போது வருகிறது. எங்கோ மலையில் மூஞ்சி தெரியாத ஒரு பையன், பனிக்குக் கீழே, மார்பில் அந்தப் பெட்டி, செய்யுமாயிருக்கும், செய்யுமாயிருக்கும். ச்சீ, என்ன கற்பனை இது, டி.வி. பார்த்துப் பார்த்து.

இதோடு முடிந்திருந்தால் ஒருவிதமாக மறந்திருப்பாள். டெண்டர் போகிற வாரம் பூபதி ஊரில் இருக்கக் கூடாது என்று மாரப்பனே அவனுக்கு லீவு கொடுத்து அனுப்பியிருந்தார், பிள்ளைக்குக் காதுகுத்து, குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு, நல்லா இருந்துட்டு வா என்று. அவன் இருந்தானா? கிடாவெட்டு முடிந்த கையோடு பஸ் ஏறி வந்து நின்றான், நெற்றியில் சந்தனம்கூடக் காயவில்லை. "இருப்புக் கொள்ளலீங்க்கா. கடைசியா ஒருக்கா பாத்தர்றேன்" என்று பொதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். உட்காராதே என்று எப்படிச் சொல்வது? அவன் கருவி, அவன் காகிதம். அவள் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பார்க்க மாட்டான், இத்தனை நூறு பக்கத்தில் அந்த நீல அட்டைதானா கண்ணில் படும். பட்டது. அவன் அவள் மேசைக்கு வந்து, யாருக்கும் கேட்காதபடி குனிந்து, "அக்கா, பழைய சான்று போய் உக்காந்திருந்துதுங்க. மாத்திட்டனுங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க, நீங்க கவலைப்படாதீங்க. எத்தனை வேலைதான் ஒரு ஆளு பாப்பீங்க" என்றான். அவளைக் காப்பாற்றினானாம். அவள் மானத்தைக் காப்பாற்றினானாம். "ஐயோ, அப்படியா, நல்லவேளை பூபதி" என்று சொன்னாளே, அந்த ஐயோவை எங்கே வைத்திருந்தாள், எவ்வளவு அழகாக எடுத்துப் போட்டாள். அவன் லேபுக்குப் போனான். அவள் போய் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். அவன் திருத்தியது மூன்றாம் பிரதி. அதை அப்படியே நகலெடுத்து நாலாம் பிரதி என்று பேர் வைத்து, புதிய சான்றை எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்ப வைத்து, நாலாவதை அனுப்பினாள். முதல் தடவை செய்தது முதலாளி சொல்லி. இந்த இரண்டாம் தடவைக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியே விட்டிருக்கலாம், அவன் மாற்றிவிட்டான், எனக்குத் தெரியாது என்று மாரப்பனிடம் கையை விரித்திருக்கலாம், கடவுளாகப் பார்த்து ஒரு வழி விட்டிருந்தான். அதையும் அடைத்தாள். அதுவும் பரவாயில்லை, மூன்றாம் பிரதியையாவது அழித்திருக்கலாம். எந்தப் பிரதியையும் அழிக்கக் கூடாது என்று கம்பெனிக்கே பாடம் எடுத்தவள் அவள், கை வரவில்லை. திருடப் போன இடத்திலும் ஒழுங்கு.

அந்த ரெண்டு பிரதியையும்தான் இன்று மத்தியானம் அவன் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம், அவள் பார்த்தாள். திரையில் ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, மாறி மாறி. பிறகு எழுந்து நேராக மாரப்பன் அறைக்குப் போனான், அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டும்போது பார்க்கவில்லை. உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. சத்தம் ஒன்றும் இல்லை. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. மாரப்பன் என்ன சொல்லியிருப்பார்? எனக்கென்ன தெரியும், வல்லிம்மாதான் பண்ணாங்க என்றிருப்பாரா? சொல்லக்கூடியவர்தான். முதலாளி என்றால் கடைசியில் முதலாளிதான், நம் வீட்டு ஆள் என்று சொல்ல எத்தனை நேரம், நீ யார் என்று கேட்க எத்தனை நேரம். அவன் கேட்டால் என்ன சொல்வது? ஆமாம், கீழே இருக்கிற ஜனங்களுக்காக. இணங்குகிறோம். இல்லை பூபதி, முதலாளி சொன்னதைச் செய்தேன், நான் சம்பளக்காரி. பகுதியாக இணங்குகிறோம். ஏன்க்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டால்? அதற்குக் கட்டமே இல்லை. உன் மனசு உடைந்துபோகும் என்று. யார் மனசு? அவன் அப்படியெல்லாம் கேட்க மாட்டான், அக்கா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடுவான். மேடம் என்பான். ஆக மொத்தம் அவள் பயமெல்லாம் அதுதானா? மலையில் இருக்கிற பையன் இல்லை, இவன் உழைப்பு இல்லை, தன்னை அவன் அக்கா என்பானா மாட்டானா என்பது. நல்லா இருக்கிறது உன் நியாயம் வல்லி. சிட்ரா ஸ்டாப் தாண்டிவிட்டது. விமானம் ஒன்று தாழ்வாக இறங்கியது, வேனில் ஒருத்தி கைப்பேசியில் மாமியாரிடம் முருங்கைக்காய் வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானே சொல்லிவிடுகிறேன். அவன் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. பூபதி, இங்கே வா, ஒன்று சொல்ல வேண்டும். ஆறே வார்த்தை. வாழ்நாள் முழுக்க வார்த்தை விற்றுப் பிழைத்தவளுக்கு அது வரவில்லை. வரும். இதோ. பிடரி அசைகிறது. இதோ சொல்லப்போகிறாள்.

அவன் எழுந்தான். ஹோப்ஸுக்கு இன்னும் ரெண்டு சிக்னல் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து, அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. "அக்கா" என்றான். அக்கா என்றான். "உங்க மூஞ்சியப் பாக்கவே முடியலீங்க்கா, அதான் முன்னால போய் உக்காந்துட்டேன். எம்மேலதான் தப்பு." அவளுக்கு முதலில் காதில் விழவில்லை. "ரெண்டு காப்பி இருந்துதுங்க. நான் மூணாவதுல மாத்திட்டு நாலாவதுல மாத்தாம விட்டுட்டனாட்டம் இருக்குது. காதுகுத்துக்கு அலைஞ்ச அலைச்சல்ல ரெண்டு காப்பி இருக்கறதையே கவனிக்கலீங்க. மாத்திட்டேன்னு உங்ககிட்ட வந்து பெருமையாச் சொன்னேன், நீங்களும் என்னைய நம்பி அப்படியே அனுப்பிட்டீங்க. என்னால உங்களுக்கும் கெட்ட பேருங்க." அவள் வாயைத் திறந்தாள். இப்போது சொன்னால்கூட ஆகும், இப்போதுதான் சொல்ல வேண்டும், இல்லை பூபதி என்று ஆரம்பித்தால் மீதி தானே வந்துவிடும். "மொதலாளிகிட்டப் போயிச் சொல்லிட்டனுங்க, என் தப்புதான்னு. வேலைய விட்டுத் தூக்கினாலும் தூக்கட்டும்னுதான் போனேன். மனுசன் ஒரு வார்த்தை திட்டலீங்க்கா. தோள்ல தட்டிக்குடுத்து, போகுது விடுன்னாருங்க. இனி இந்தக் கருவி வேண்டாம், லேபை மூடிக்கலாம், வடக்க இருந்து பொட்டி மாட்டற வேலை வருதாம், அடுத்த வாரத்துலருந்து கீழ ஷெட்ல அதைப் பாத்துக்கச் சொல்லிட்டாரு. நான் பண்ணின காரியத்துக்கு வேற எடமா இருந்தா வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க." அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஆறுச்சாமி ஹோப்ஸ் ஹோப்ஸ் என்று குரல் கொடுத்தான். "நீங்க எம்மேல கோவப்படாதீங்க்கா. அது ஒண்ணுதான் எனக்கு" என்றான் பூபதி. வேன் நின்றது. சௌந்தரவல்லி அவன் மடியிலிருந்து தன் பையை வாங்கிக்கொண்டாள். "கோபமெல்லாம் இல்லைப்பா. விடு. யாருக்கும் வர்ற தப்புதான்" என்றாள், குரல் பிசிறில்லாமல், மூத்தவள் இளையவனிடம் சொல்ல வேண்டிய பதத்தில் வந்தது. "இனிமே எதை மாத்தினாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்து." அவன் சரிங்க்கா, சரிங்க்கா என்று தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப்போனான்.